இருபத்திரண்டாம் தேதி முகாம்

7 ஜூன் 2025, சனி

முகாம்: வீடு, அருப்புக்கோட்டை.

முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்த பழக்கம். அன்றைக்கு எந்த ஊரில் இருந்தேனோ அதை முதல் வரியில் போடாமல் எனக்கு டைரி ஓடாது. ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகியும் இந்த 'முகாம்' என்னை விடவில்லை.

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. பின்னாலேயே எதிர்வீட்டு ஜெயந்தி செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுல வர்றது நீங்கதானே? உங்க பச்சைக் கதவுதானே?"

என் கதவுதான். நான்தான். நாலு மாதத்துக்கு முன்னால் மைக்கும் கேமராவுமாக ஒரு கும்பல் வாசலில் வந்து நின்றது. மெர்லின் என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கமாம். "இருளப்பன் கேஸ் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்மா" என்றாள். "அதெல்லாம் கோர்ட்ல சொல்லியாச்சு" என்று கதவைச் சாத்தினேன். அதை இப்போது மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை மெதுவாக. பின்னால் வயலின் வேறு.

அவரவர் வீட்டுக் கதவை அவரவர் சாத்தக் கூடாதா? அதற்கும் இந்த நாட்டில் சட்டம் போட்டுவிட்டார்களா? "ஒன்றரை லட்சம் பேர் பாத்திருக்காங்கக்கா" என்கிறாள் ஜெயந்தி, ஏதோ எனக்குப் பரிசு விழுந்த மாதிரி. நைட்டியோடு நிற்கிறேன் அதில். கேட்டு எடுக்க மாட்டார்களா?

8 ஜூன், ஞாயிறு

முகாம்: வீடு.

நெட்டில் அவர்கள் போட்டிருக்கிற படத்தின் முதல் பாகத்தை முழுக்கப் பார்த்தேன். பார்க்காமல் திட்டுவது நியாயமில்லை என்பதற்காக.

கேஸ் இதுதான். 2012 ஆகஸ்ட் 19. நான் வேலை பார்த்த வேப்பங்கரிசலில், தனியாக இருந்த ராஜாமணி அம்மாளை யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். இருளப்பன் பஞ்சாயத்துத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிறவன். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அவனுக்கும் ராஜாமணிக்கும் வாரம் ஒரு சண்டை. போலீஸ் அவனைப் பிடித்தது. 22ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு, தொட்டிக்குப் பின்னால் இருந்த புதருக்குள்ளிருந்து, வால்வு திறக்கிற இரும்புச் சாவியை ரத்தக்கறையோடு அவனே எடுத்துக் கொடுத்தான். எடுத்த விவரத்தை எழுதி மகஜர் போட்டார்கள். அரசாங்க ஆள் சாட்சியாக இருந்தால் கோர்ட்டில் நிற்கும் என்பதால் நானும் என் தலையாரி மாடசாமியும் கையெழுத்துப் போட்டோம். கோர்ட்டிலும் போய்ச் சொன்னேன். ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடி. கேஸ் கட்டில் இருப்பது அவ்வளவுதான்.

படத்தில் ஆயிரம் தப்பு. வேப்பங்கரிசல் என்று வேறு ஏதோ ஊர்க் கண்மாயைக் காட்டுகிறார்கள். என் அலுவலகம் என்று பால் சொசைட்டியைக் காட்டுகிறார்கள். இந்த லட்சணத்தில் இவர்கள் உண்மையைத் தோண்டி எடுக்கிறார்களாம்.

ஒன்று மட்டும் சொன்னார்கள். அந்த ஊரில் வால்வுக்கு ஒரே ஒரு சாவிதானாம். கொலை நடந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஊருக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. புதருக்குள் கிடந்த சாவி எப்படி வால்வைத் திறந்தது என்று கேட்கிறார்கள். மாற்றுச் சாவி இருந்தது என்று போலீஸ் அப்போதே சொல்லிவிட்டது. கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பிறகென்ன?

கீரை வாங்கினேன். முழுக்கப் பூச்சி.

9 ஜூன், திங்கள்

முகாம்: வீடு. குழாயில் தண்ணீர் வரவில்லை.

11 ஜூன், புதன்

முகாம்: வீடு.

தூத்துக்குடியிலிருந்து தம்பி சங்கரலிங்கம் போன் செய்தான். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். கல்யாணம் காட்சி என்று நான் போகவில்லை. அவனைப் படிக்க வைத்தேன், அவன் வீடு கட்டினான், அதோடு என் கடமை முடிந்தது.

"அக்கா, படத்தைப் பாத்தேன். யார் வந்தாலும் வாயைத் திறக்காத. பழைய டைரியெல்லாம் இன்னும் வச்சிருக்கியா?"

"எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சுடா."

இரும்புப் பெட்டியைக் கரையான் அரிக்காது என்று அவனுக்கும் தெரியும்.

"எங்க வீட்டு வாசக் கல்லு..." என்றான்.

"கல்லுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

14 ஜூன், சனி

முகாம்: வீடு.

இரண்டாம் பாகம். கோர்ட்டில் நான் சொன்ன சாட்சியத்தை ஒரு நடிகையை வைத்து வாசிக்கிறார்கள். அவளுக்கு என் குரல் இல்லை. என் குரல் இன்னும் கனம். "எதிரி இருளப்பன் முன்னால் நடந்து சென்றார். நாங்கள் பின்னால் சென்றோம். அவரே புதரை விலக்கி எடுத்துக் கொடுத்தார். நான் நேரில் பார்த்தேன்." அவள் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்போது கேட்கவே சகிக்கவில்லை. பக்கத்தில் ஜெயந்தி வேறு முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியில் ஒரு பெண் பேசுகிறாள். வேப்பங்கரிசல்காரிதான், முகம் ஞாபகம் இருக்கிறது. "ஆகஸ்டு இருபத்திரெண்டாந் தேதி எம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனேங்க. காலேஜ்ல கடைசி நாளு. ஆபீஸ் பூட்டிக் கெடந்துச்சு. வி.ஏ.ஓ. அம்மாவ முந்தின நா சாயங்காலத்துலேருந்து ஆளையே காணோம். சீட்டு போயிருச்சு, அதான் தேதி மறக்கல."

உடனே மெர்லின் கேமராவைப் பார்த்துக் கேட்கிறாள்: "2012 ஆகஸ்ட் 22 காலை ஆறரை மணிக்கு அந்த அதிகாரி எங்கே இருந்தார்? இது மட்டும் தெரிந்தால் இந்த வழக்கை மறுபடி திறக்க முடியும்."

என்ன திமிர்! அந்த ஊரில் அன்றைக்கு வேலை பார்த்த ஒரே ஆள் நானா? பிடித்தது இன்ஸ்பெக்டர் துரைசிங்கம். எழுதியது ஏட்டு. தண்டனை கொடுத்தது ஜட்ஜ். துரைசிங்கம் டி.எஸ்.பி.யாகி, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆகி, தோட்டம் வாங்கி கொய்யா போட்டிருக்கிறாராம். அவர் வீட்டுக் கதவைப் படம் பிடிக்க ஒருத்தருக்கும் துப்பில்லை. பொம்பளை வீட்டுக் கதவுதான் இளிச்சவாய்க் கதவு.

15 ஜூன், ஞாயிறு

முகாம்: வீடு.

இரும்புப் பெட்டியைத் துடைத்தேன். எனக்கு எப்போதும் இரண்டு டைரி. ஆபீஸ் டைரி தாசில்தாருக்கு மாதா மாதம் போகும். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. இன்னொன்று எனக்கே எனக்கு.

2012 ஆபீஸ் டைரியை மட்டும் பார்த்தேன். '22.8.2012. முகாம்: வேப்பங்கரிசல். காலை காவல்துறைக்கு உதவி. பின் அலுவலகப் பணி.' என் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

மற்றதைத் திறக்கவில்லை. தூசி தட்டினேன், அவ்வளவுதான்.

18 ஜூன், புதன்

முகாம்: வீடு.

இன்றைக்கு இருளப்பன் மகள் வந்தாள். மாரீஸ்வரி. சிவகாசியில் பிரிண்டிங் ஆபீசில் பைண்டிங் வேலை. விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அப்பன் பிடிபட்டபோது பதினொரு வயது.

கதவைத் திறந்ததும் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள வரலாமா வி.ஏ.ஓ. அம்மா?" என்றாள்.

காபி போட்டேன். குடிக்கவில்லை.

"படத்தைப் பாத்துட்டு எங்கெங்கயோ இருந்து போன் பண்றாக. அழுகுறாக. ஒருத்தர் எனக்குச் சேலை அனுப்பிருக்காக. அழுகைய வச்சு நான் என்னம்மா செய்ய? அழுகைய காட்டினா ஜெயில் கதவு தொறக்குமா? தாளு கேக்குறாரு வக்கீலு. புதுசா ஒரு தாளு. அது இல்லாம ஒண்ணும் ஆகாதுங்குறாரு."

"எங்கிட்ட என்ன இருக்கு?"

"இருக்குன்னு நான் சொல்லலையே" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பாவ ஜெயில்ல மனுப் போட்டுப் பாத்தேன். உங்க மேல அவருக்குக் கோவமே இல்ல. 'அந்தம்மா அங்க வரல. ஆனா பொய் சொல்ற ஆளு இல்ல. போலீசு எழுதிக் குடுத்திருப்பான், அவுக நம்பிப் போட்ருப்பாக'ங்குறாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். பதிமூன்று வருடம் உள்ளே கிடந்துவிட்டு எனக்கே வக்காலத்து வாங்குகிறானே, அறிவு வேண்டாம் மனிதனுக்கு?

"இன்னொண்ணும் கேட்டாரு" என்றாள். "இப்ப தொட்டியில தண்ணி யாரு விடுறா, கடைசித் தெருவுக்கு ஏறுதான்னு."

"நீ கிளம்பு" என்றேன். கிளம்பினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "எனக்குக் கோவம் இருக்குதும்மா. அப்பாவுக்குத்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காபியை வாஷ்பேசினில் கொட்டினேன்.

19 ஜூன், வியாழன்

முகாம்: வீடு.

திறந்தேன்.

'21.8.2012, செவ்வாய். முகாம்: வேப்பங்கரிசல், மாலையில் தூத்துக்குடி. காலையில் இருளப்பன் தண்ணீர் விட்டான். ஆபீஸ் பானைக்கு ஒரு குடம் பிடித்து வைத்தேன். சாயங்காலம் பஸ்.'

'22.8.2012, புதன். முகாம்: தூத்துக்குடி. விடிகாலை நாலரைக்குத் தம்பி வீட்டில் பால் காய்ச்சினோம். அக்கா கையால்தான் வீடு திறக்க வேண்டும் என்று அடம் பிடித்துவிட்டான். வாசலில் கல் வேறு பதித்திருக்கிறான். திறந்து வைத்தவர் செல்வி அங்கயற்கண்ணி, வி.ஏ.ஓ. என்று பெயரும் தேதியும் வெட்டி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.'

தேதி போட்டு என் கையால் எழுதியது. இருபத்திரண்டாம் தேதி காலை ஆறரைக்கு நான் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தேன். அவன் நடந்ததையும் பார்க்கவில்லை, புதரையும் பார்க்கவில்லை.

அந்தச் சாவி இருபத்தொன்றாம் தேதி காலையில் அவன் கையில் இருந்ததை மட்டும் பார்த்தேன். அதைத்தான் கோர்ட்டில் சொல்லவில்லை.

இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். ஊரில் கொலை நடந்திருக்கிறது, யாரும் தலைமையிடத்தை விட்டு நகரக் கூடாது என்று தாசில்தார் உத்தரவு. லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார். ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்லாமல் போனேன். 23ஆம் தேதி காலையில் வந்து, வருகைப் பதிவேட்டில் முந்தின நாளுக்கும் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் செய்கிறதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மாடசாமியும் வந்தான். துரைசிங்கம் நாலு பக்கத் தாளை நீட்டினார்.

"நேத்து காலைல தொட்டிக்கிட்ட எங்கூட வந்தீங்கள்ல மேடம்?"

"இல்லையே சார், நான்..."

"வந்தீங்க. உங்க பதிவேட்டைப் பாத்துட்டுத்தான் சொல்றேன், நேத்துக்குக் கையெழுத்து இருக்கு. ஊர்ல இருந்தா எங்கூட இருந்தீங்க. எங்கூட இல்லேன்னா ஊர்லயே இல்ல. தாசில்தார்கிட்ட நான் எதைச் சொல்ல?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "அவன்தான் செஞ்சான், ஒத்துக்கிட்டான். இது சும்மா ஒரு சம்பிரதாயம்."

அந்த அறைக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் அழுகிற சத்தம் கேட்டது. யார் என்று நான் கேட்கவில்லை.

போட்டேன். கீழே தேதி எழுதப் போனபோது, "தேதிய விட்ருங்க மேடம், நாங்க போட்டுக்கிறோம்" என்றார் துரைசிங்கம். மாடசாமி என்னைப் பார்த்தான். "நீங்க போட்டா நானும் போடுறேம்மா" என்றான். "போடு" என்றேன். அவன் போன வருடம் செத்துப்போனான். கடைசி வரைக்கும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு நாள் லீவு. சஸ்பெண்ட் செய்தாலும் ஆறு மாதத்தில் வேலை திரும்பக் கிடைத்திருக்கும். ஆறு மாதம்! தூ. மெர்லினைத் திட்டினேன், ஜெயந்தியைத் திட்டினேன், கீரைக்காரியைக்கூட விடவில்லை.

வக்கீல் நம்பரை மாரீஸ்வரி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன் செய்தேன்.

20 ஜூன், வெள்ளி

முகாம்: வீடு.

தம்பியிடம் சொன்னேன். மத்தியானமே காரில் வந்து இறங்கிவிட்டான். உட்காரவில்லை.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சாக்கா? பொய்ச் சாட்சின்னு உன்னையத் தூக்கி உள்ள போடுவாக. அறுபத்து மூணு வயசுல கம்பி எண்ணப் போறியா?"

"அவன் எண்ணிக்கிட்டுத்தானடா இருக்கான்."

"அவன் யாரு நமக்கு?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ரெண்டாம் பாகம் வந்ததுமே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசக் கல்லைப் பேத்து எடுத்துட்டேன். உடைச்சுக் கடல்ல போட்டாச்சு. நம்ம வீட்டு ஆளுக எவனும் பேச மாட்டான். அந்த டைரி ஒண்ணுதான் பாக்கி. குடு."

என் பேர் வெட்டிய கல். அவன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விரலால் தடவிக் காட்டுவான், எங்கக்கா எங்கக்கா என்று. அதைச் சுத்தியலால் அடித்திருக்கிறான். எனக்காகத்தான் செய்தான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கன்னத்தில் ஒன்று விட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆளை.

"கல்லை உடைச்சிட்ட. அன்னைக்கு நான் உங்க வீட்ல பால் காய்ச்சினதை எப்படிடா உடைப்ப?"

அழுதுகொண்டே போனான். சாப்பிடாமல் போனான். அவனுக்காக வைத்த மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

23 ஜூன், திங்கள்

முகாம்: மதுரை.

வக்கீல் கதிரேசனின் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. படியேறி மூச்சு வாங்கியது. மாரீஸ்வரி இருந்தாள். மெர்லினும் இருந்தாள், கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு. நேரில் பார்த்தால் சின்னப் பெண். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

டைரியைக் கொடுத்தேன். கதிரேசன் 22ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். "அம்மா, இதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். மறைக்காமச் சொல்லிர்றேன்" என்றார்.

"வரட்டும்."

நான் போனில் சொன்னதை வைத்துப் பிரமாணப் பத்திரம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். ஐந்து பக்கம். நல்ல மனிதர், காசு வாங்காமல் இந்தக் கேஸை நடத்துகிறார். அவசரம் அவருக்கு. பக்கங்களைச் சரசரவென்று புரட்டி, பென்சிலால் புள்ளி வைத்தார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசில ஒண்ணு. போட்டுருங்கம்மா. தேதிய விட்ருங்க, நோட்டரி வந்ததும் நாங்க போட்டுக்கிறோம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. மேஜையில் ஓங்கி அடித்தேன். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

"என்ன சார் சொன்னீங்க? தேதிய விடணுமா? தேதிய விட்டதுக்குத்தான் ஒருத்தன் பதிமூணு வருஷமா உள்ள கெடக்கான்! நீங்களும் அதையேதான் சொல்றீங்க? நல்லதுக்குப் போட்டாலும் தேதியில்லாத கையெழுத்து தேதியில்லாத கையெழுத்துதான். நோட்டரிய வரச் சொல்லுங்க. எம்முன்னால உக்காரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒரு புள்ளி வைக்க மாட்டேன்."

கதிரேசன் திகைத்துப்போனார். "சரிம்மா, சரிம்மா" என்று போனை எடுத்தார். நோட்டரி வர ஒன்றேகால் மணி நேரம். அதுவரை ஐந்து பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். 'நினைவுக்கு எட்டியவரை' என்று ஓர் இடத்தில் இருந்தது, அடிக்கச் சொன்னேன். எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. 'காவல்துறையின் வற்புறுத்தலால்' என்று இன்னோர் இடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், 'லீவு எடுக்காமல் போனதை மறைப்பதற்காகவும்' என்று சேர்க்கச் சொன்னேன்.

"அது உங்களுக்குப் பாதகமாப் போகும்மா" என்றார்.

"நடந்தது அதுதான் சார்."

மெர்லின் பையின் மேல் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கேட்கத் தயங்குகிறாள் என்று புரிந்தது. "எடு கேமராவை. கதவு சாத்துறதை மூணு தடவை போட்டேல்ல, இதை ஒரு தடவையாவது போடு. வயலின் மட்டும் வேண்டாம்" என்றேன்.

நோட்டரி வந்தார். ஐந்து பக்கத்திலும் போட்டேன். ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழேயும் என் கையாலேயே எழுதினேன்: முகாம் மதுரை, 23.6.2025, பகல் 12.40. அப்படியெல்லாம் எழுதத் தேவையில்லை என்றார் நோட்டரி. எழுதினேன்.

படி இறங்கும்போது மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், முழங்கால் வலியைப் பார்த்து. கீழே வந்ததும் விட்டுவிட்டாள்.

"அப்பாவ அடுத்த வாரம் பாக்கப் போறேன். நீங்க ஏதும் சொல்லணுமா?"

"அன்னைக்கு நான் அங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லு."

மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அங்க இல்லன்னு அவருக்குத் தெரியாதாம்மா? பிடிச்ச அன்னிலேருந்து அதைத்தான சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றாள். "அவரு சொன்னா எவன் எழுதிக்கிட்டான்?"

அருப்புக்கோட்டை பஸ் வந்தது. ஏறினேன். அவள் சிவகாசி பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.